ஏனையோர்

வாஷிங்டன்
செப்டம்பர் 18

அன்புள்ள அண்ணா,

நான் சௌக்கியம். பாலைவனத்திலிருந்து நீ கொண்டுவந்த இருமல் போய்விட்டதா? அண்ணியும் உங்கள் குட்டி செலீனும் எப்படி இருக்கிறார்கள்? நீ வெளிநாட்டில் இருந்தபோது ஆரம்பித்த கடிதப் பழக்கம், நீ ஊர் திரும்பிய பிறகும் நம்மை விடவில்லை. விடாததே நல்லது. போனில் என்றால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ரிசர்வ் அதிகாரிகள் தோழமைச் சங்கத்தின் சட்டப் பிரிவில் கடைசி நாற்காலி. வாரம் முழுக்க ஆலையிலும் வயலிலும் உழைத்து, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு சீருடை மாட்டி, கூப்பிட்டால் போருக்கும் போகிற உன்னைப் போன்றவர்களுக்காகப் பேசுகிற சங்கம் என்று நினைத்துத்தான் விண்ணப்பம் போட்டேன். வந்த பிறகுதான் பெயரையே ஒழுங்காகப் படித்தேன். அதிகாரிகள். லெப்டினன்டும் அதற்கு மேலும் என்றால் உள்ளே வரலாம். சார்ஜென்ட் என்றால் வாசலோடு சரி.

சங்கத்தின் சாசனம் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம். அதில் ஒரு சொல்லை மாற்றுவதென்றாலும் இரண்டு அவைகளும் நிறைவேற்றி, ஜனாதிபதி கையெழுத்துப் போட வேண்டும். என் மேலதிகாரி கர்னல் லாத்ரப், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற அம்மா, முதல் நாளே கூப்பிட்டார்.

"சாசனத்தப் படிச்சியா?"

"படிச்சேன் மேடம்."

"என்ன தோணுது?"

"அதிகாரிங்க மட்டும் தனியாப் போய்ச் சண்டை போட்டுட்டு வந்த மாதிரி இருக்கு."

"உனக்கு வாய் நீளம். நல்லது. நீயே திருத்தி எழுது."

ஆக, உன் தங்கை ஒரு சட்டத்தைத் திருத்தப் போகிறாள். சார்ஜென்டுகளும் சிப்பாய்களும் முழு உறுப்பினர்களாக, ஓட்டோடு, உள்ளே வரவேண்டும். இதுதான் வேலை.

ஆலையில் பழைய இடத்தைக் கொடுத்துவிட்டார்களா? இரவு ஷிப்டு மேற்பார்வை உன்னுடையதுதானே? எழுது.

உன் வாயாடித் தங்கை,
ஒடெட்


லெஸ்பரான்ஸ், மெய்ன்
அக்டோபர் 6

அன்புத் தங்கை ஒடெட்டுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இருமல் பாதி போய்விட்டது. உருளைக்கிழங்கு அறுவடைக்குப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். செலீன் மண்ணுக்குள் தலைகீழாக நிற்கிறாள், கூலி வாங்கி சைக்கிள் வாங்குவாளாம். நான் மிஷோ வீட்டு வயலில் லாரி ஓட்டுகிறேன். அறுவடைக்கு ஆள் போதவில்லை என்றார்கள்.

உன் சங்கத்தை எனக்குத் தெரியாதா? அதன் கிளை நம்மூரிலேயே இருக்கிறது. மாதக் கூட்டத்துக்கும் ஆண்டு விருந்துக்கும் கூடத்தில் மேசை போடுவது, கொட்டகையில் இருக்கும் கல்குழியில் கரி மூட்டிப் பயறுப் பானையை இறக்குவது, மறுநாள் தோண்டி எடுப்பது எல்லாம் சார்ஜென்டும் சிப்பாயுமான நாங்கள்தான். நானும் எங்கள் படைச் சமையல்காரன் லூசியனும் போடுகிற பன்றிக்கொழுப்பு, வெல்லப்பாகு அளவு வேறு யாருக்கும் வராது. போன வருஷம் பரிமாறி முடித்ததும் கிளைத் தலைவர் மேஜர் கிம்பல், நம் பல் டாக்டர்தான், என் தோளில் தட்டினார்.

"பிரமாதம் க்ளோவிஸ். இப்ப ஓட்டெடுப்பு இருக்கு. நீங்கள்லாம் கொஞ்சம் வெளிய இருங்களேன்."

வெளியே நின்றோம். பனி பெய்தது. லூசியன் சொன்னான்: "நம்ம பானைக்கு ஓட்டு உண்டான்னு கேட்டிருக்கலாம். அது உள்ளதானே இருக்கு."

இங்கே வேலை நடக்கிறது. கவலைப்படாதே. அங்கே நன்றாகச் சாப்பிடு.

க்ளோவிஸ்


வாஷிங்டன்
அக்டோபர் 30

அன்புள்ள அண்ணா,

நலமா? நான் தூங்கி ஒரு வாரமாகிறது, ஆனாலும் துள்ளிக்கொண்டிருக்கிறேன். நிர்வாகக் குழு என் வரைவை ஏற்றுக்கொண்டது!

சும்மா நடக்கவில்லை. ஜெனரல் டன்லெவி என்று ஒரு கிழவர். சங்கத்தைத் தன் பாட்டன் சொத்து மாதிரி பார்க்கிறவர். "அப்ப நாளைக்குச் சமையல்காரனும் ஓட்டுப் போடுவானா?" என்று கேட்டார். எனக்கு லூசியன் ஞாபகம் வந்தது. "போடுவார் சார். அவர் சமைச்சதைச் சாப்பிட்டுத்தானே நீங்க போடறீங்க" என்றேன். கர்னல் லாத்ரப் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

கடைசியில் எல்லோருக்கும் பொதுவான ஒரு வரியை எழுதிக் கொடுத்தேன். முன்பு "ரிசர்வ் படை அதிகாரிகளின் நலனுக்காக" என்று இருந்தது. இனி "ரிசர்வ் படை அதிகாரிகள் மற்றும் ஏனையோரின் நலனுக்காக". சிப்பாய் என்றால் கடற்படைக்காரனுக்குக் கோபம், மாலுமி என்றால் கடலோரக் காவல்காரனுக்குக் கோபம். "ஏனையோர்" என்றதும் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். டன்லெவிகூடத் தலையாட்டினார். நாடாளுமன்றத்தில் அறிமுகப்படுத்த ஒரு உறுப்பினரும் கிடைத்துவிட்டார். வரைவின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு போய் லூசியனுக்கும் படித்துக் காட்டு.

ஆலையைப் பற்றி நீ எழுதவே இல்லையே?

பெருமையோடு,
ஒடெட்


லெஸ்பரான்ஸ்
நவம்பர் 19

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். கடிதமும் வரைவும் வந்தன. நீ நிறைய உழைத்திருக்கிறாய். முதல் பனி கொட்டிவிட்டது. விறகு பிளந்துகொண்டிருக்கிறேன். செலீனுக்கு சைக்கிள் வாங்கியாகிவிட்டது, ஓட்டத்தான் தரை தெரியவில்லை.

க்ளோவிஸ்

(உறையின் பின்பக்கம், அண்ணி இவெட்டின் கையெழுத்தில்:)

ஒடெட், கடிதத்தைத் தபாலில் போடப் போவது நான்தான், அதனால் எழுதுகிறேன். ஆலையில் உன் அண்ணனைத் திரும்ப எடுக்கவில்லை. ஜூலையிலிருந்து வீட்டில்தான். நான் சொன்னதாகச் சொல்லாதே. இவெட்.


வாஷிங்டன்
நவம்பர் 26

அண்ணா,

உன் உடம்பைப் பற்றி இந்த முறை கேட்கமாட்டேன். கேட்டால் நலம் என்பாய். உனக்கு ஆலையில் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்காதே. "இங்கே வேலை நடக்கிறது" என்று எழுதினாயே, உனக்கு வெட்கமாக இல்லையா?

படைக்குப் போய்த் திரும்பியவனுக்குப் பழைய வேலையைத் திருப்பித் தர வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. கொடியேற்றும் நாளில் உன்னை மேடையில் நிற்கவைத்துக் கைதட்டுகிற அதே முதலாளி, மறுநாள் "அந்தப் பதவியே இப்போது இல்லை" என்கிறான். ஊர் வக்கீல் எவனும் ஆலையைப் பகைத்துக்கொள்ள மாட்டான் என்பதும் அவனுக்குத் தெரியும்.

இன்னொன்றும் விசாரித்தேன். உன் லெப்டினன்ட் ப்ரூயிட் அதே ஆலையில் பொறியாளர். உன்னோடு போனார், உன்னோடு திரும்பினார். அவருக்கும் முதலில் இதே பதில்தான். எங்கள் சங்கத்து வக்கீல் ஆபர்ன் ஒரே ஒரு கடிதம் போட்டார். அடுத்த வாரமே ப்ரூயிட் வேலைக்குப் போனார். நான் ஆபர்ன் முன்னால் போய் நின்றேன்.

"உங்க அண்ணன் என்ன பதவி?"

"சார்ஜென்ட்."

மனுஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அதிகாரிகளோட நலனுக்காகன்னுதாம்மா நம்ம சாசனம் சொல்லுது. அதைத் தாண்டி நான் ஒரு கடுதாசி போட்டா, ஆலையோட வக்கீல் முதல்ல என்னத்தான் கேப்பான், இவனுக்காகப் பேச நீ யாருன்னு. சட்டம் மாறட்டும். மாறின அன்னைக்கே போடறேன்."

புரிகிறதா? சாசனம் மாறினால் உன் வேலை திரும்பும். உறுப்பினர் படிவம் இணைத்திருக்கிறேன். இப்போதே நிரப்பி என்னிடம் அனுப்பு, சட்டம் வந்ததும் முதல் ஆளாக உன்னைச் சேர்க்கிறேன்.

ஒடெட்


லெஸ்பரான்ஸ்
டிசம்பர் 28

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்துமஸ் நன்றாகப் போயிற்று. இவெட் கறிப் பணியாரம் சுட்டாள். உன் நாற்காலி காலியாக இருந்தது. உறையில் எழுதியது யார் என்று எனக்கும் தெரியும், அவளோடு சமாதானமாகிவிட்டேன்.

புது வேலையில் சேர்ந்த சந்தோஷத்தில் இருந்தாய். அதில் என் கதையைக் கொட்டவேண்டாம் என்று விட்டேன். அது போகட்டும்.

படிவத்தை நிரப்பவில்லை. நிரப்பமாட்டேன். காரணம் சொல்கிறேன்.

ஜூலையில் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஊரே வந்திருந்தது. மறுநாள் பேப்பரில் படத்தோடு செய்தி. செலீன் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தாள், வெட்டி ஒட்டிவைக்க. வெகுநேரம் தேடினாள்.

"அப்பா, இதுல உங்க பேரு எங்க?"

தலைப்பு இப்படி இருந்தது: "லெப்டினன்ட் ப்ரூயிட், ஏனையோர் ஊர் திரும்பினர்."

"ஏனையோர்னு இருக்கு பாரு, அதுல இருக்கேன்."

"அதுல எந்த எழுத்துப்பா நீங்க?"

என்னோடு பஸ்ஸில் இறங்கிய பன்னிரண்டு பேரில் யாருக்குக் காது போயிற்று, யாருக்குத் தூக்கம் போயிற்று என்று எனக்குத் தெரியும். ப்ரூயிட் நல்ல பையன், அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் உன் வரைவைப் பிரித்ததும் அதே வார்த்தை. ஊர்ப் பேப்பர்காரன் அவசரத்தில் எழுதினான். நீ யோசித்து எழுதியிருக்கிறாய்.

எனக்கு வேலை வேண்டும், ஒடெட். இவெட் இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறாள், அதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் ஏனையோரில் ஒருத்தனாக வந்து உன் கர்னல் வீட்டுப் பின்வாசலைத் தட்டமாட்டேன்.

புத்தாண்டு உனக்கு நன்றாக அமையட்டும்.

க்ளோவிஸ்


வாஷிங்டன்
ஜனவரி 31

அன்புள்ள அண்ணா,

உடம்பு எப்படி இருக்கிறது? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. நாலு முறை எழுதிக் கிழித்தேன். ஒரு சார்ஜென்டின் கூடப்பிறந்தவள், ஜெனரல்களைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில் அண்ணனை மிச்சம் மீதியோடு சேர்த்துவிட்டேன். டன்லெவி தலையாட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கர்னல் லாத்ரப்பிடம் போனேன்.

"வார்த்தையை மாத்தணும் மேடம்."

"எந்த வார்த்தை?"

"ஏனையோர்."

"மசோதா நாடாளுமன்றக் குழு முன்னாடி போயாச்சு. இப்பத் திறந்தா டன்லெவி மொத்தத்தையும் கலைச்சுடுவார். ஒரு வார்த்தைக்காக இந்த வருஷத்தையே தொலைக்கறியா?"

"அந்த வார்த்தையோட வந்தா, யாருக்காகக் கொண்டு வர்றோமோ அவங்களே உள்ள வரமாட்டாங்க."

"யாரு சொன்னது?"

உன் கடிதத்தைக் கொடுத்தேன். மன்னித்துக்கொள். செலீன் கேட்ட கேள்வியை அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு கேட்டார்: "சரி, என்ன போடலாங்கற?"

"ரிசர்வ் படையில் பணிபுரியும், பணிபுரிந்த ஒவ்வொருவரும்."

"அதிகாரிங்கங்கற சொல்லே இல்லையே?"

"ஒவ்வொருவர்ல அவங்களும் இருக்காங்க மேடம்."

சிரித்தார். ஆனால் ஆள்காட்டி விரலை ஆட்டினார். "எனக்குச் சம்மதம். நாளைக்கே டன்லெவி என்ன சொல்வார் தெரியுமா? அதிகாரிங்கள்ல ஒருத்தர்கூட இதைக் கேக்கல, ஒரு சார்ஜென்டோட தங்கச்சி கேக்கறான்னு சொல்வார். நம்ம நிர்வாகக் குழுவும் அதைத்தான் நம்பும். ஒரே ஒரு கிளை, நாட்டுல எந்த மூலையில இருந்தாலும் சரி, அதிகாரிங்க கையெழுத்தோட வேணும்னு எழுதிக் கேட்டா, நான் எடுத்துட்டுப் போறேன். ஏப்ரலுக்குள்ள."

எனக்கு ஒரே ஒரு கிளையைத்தான் தெரியும், அண்ணா. அதன் தலைவர் உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். நீ போய்க் கெஞ்ச வேண்டும் என்று சொல்லவில்லை. தகவலைச் சொல்லிவிட்டேன்.

ஒடெட்


லெஸ்பரான்ஸ்
மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். இருமல் முழுக்கப் போய்விட்டது, சிரித்துச் சிரித்தே போயிருக்கும். என் கடிதத்தைக் கர்னலிடம் காட்டியதற்கு உன்னைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன். முதலில் இதைக் கேள்.

சனிக்கிழமை கிளையின் ஆண்டு விருந்து. வெள்ளி மாலையே கொட்டகையில் குழியில் கரி மூட்டினோம். மேஜர் கிம்பல் காரில் போகும்போது புகையைப் பார்த்துக் கையசைத்தார். நாங்களும் அசைத்தோம். பானையை மட்டும் இறக்கவில்லை.

சனி மாலை அதிகாரிகள் மனைவிமாரோடு வந்தபோது நாங்கள் ஏற்கெனவே மேசைகளில் உட்கார்ந்திருந்தோம். சடங்குச் சீருடை, பதக்கம், பளபளக்கும் பூட்ஸ். இவெட் நீல கவுனில் வந்திருந்தாள். அடுக்களை இருட்டாகக் கிடந்தது.

மேஜர் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "க்ளோவிஸ், பானை எங்கப்பா?"

"தெரியலையே சார். ஏனையோர் யாராவது பாத்துக்குவாங்க."

"என்னது?" லூசியனிடம் திரும்பினார். "லூசியன், பயறு ஊறப்போட்டது நீதானே?"

"நானா? நான் விருந்தாளி சார். ஏனையோரக் கேளுங்க."

மெக்கானிக் பெர்னி சாலைப் பக்கம் எட்டிப் பார்த்தான். "ஏனையோர இன்னும் காணோம் சார். பனியில மாட்டிக்கிட்டாங்கபோல."

முதலில் சிரித்தது மேஜரின் மனைவிதான். "ஹெரால்ட், உக்காருங்க. இன்னைக்குப் பானைய யாரு பாக்கணுமோ அவங்கதான் ஏனையோர். அது நீங்கதான்."

மேஜர் உட்காரவில்லை. முகம் சிவந்து நின்றார். ஒரு கிழட்டு கேப்டன் மட்டும் "இது கலகம்" என்று கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார், போகட்டும். நான் எழுந்து உன் வரைவை மேஜர் கையில் கொடுத்தேன். பசியில் அந்த மனுஷன் அதை வரி விடாமல் படித்தார்.

"இதுல தப்பு என்ன? உங்களையும் சேர்த்துக்கிறாங்களே?"

"அதிகாரிங்களுக்குப் பேரு இருக்கு சார். எங்களுக்கு இல்ல."

வார்த்தையை மாற்றக் கேட்டு நாங்கள் எழுதிவைத்த தாளையும் நீட்டினேன். அப்போது ப்ரூயிட் எழுந்தான். இருபத்தாறு வயசுப் பையன், காது வரைக்கும் சிவந்திருந்தான். "நானும் சார்ஜென்டும் ஒரே பஸ்ஸில இறங்கினோம் சார். நான் வேலைக்குப் போயிட்டேன். இவர் அறுவடைக்கு லாரி ஓட்டினார். ஆலைக்குள்ள தினமும் அவரோட காலி நாற்காலியத் தாண்டித்தான் போறேன். நான் கையெழுத்துப் போடறேன்." ஆலை நிர்வாகத்தார் இரண்டு பேர் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், ஒடெட். அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். மேஜர் கடைசியில். போட்டுவிட்டு, "இப்பவாவது ஏதாவது கிடைக்குமா?" என்றார். பெர்னியின் வண்டியில் ஒளித்து வைத்திருந்த ஆப்பிள் பலகாரங்களை இறக்கினோம். ஓட்டெடுப்பின்போது யாரும் எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. ஓட்டு இல்லைதான். ஆனால் உள்ளேயே இருந்தோம்.

கையெழுத்துத் தாள் இதோடு இருக்கிறது.

க்ளோவிஸ்


வாஷிங்டன்
மே 14

அன்புள்ள அண்ணா, அண்ணி, செலீன்,

எல்லோரும் சௌக்கியம்தானே?

எங்கள் நிர்வாகக் குழு வார்த்தையை மாற்றியது, நாடாளுமன்றக் குழுவும் ஏற்றுக்கொண்டது. கர்னல் லாத்ரப் உங்கள் தாளை வைத்ததும் டன்லெவி கண்ணாடி போட்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார். "இந்த மேஜர் கிம்பல் யாரு?" "பல் டாக்டர் சார். பசியில கையெழுத்துப் போட்டவர்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எதிர்த்து ஓட்டுப் போட்டார், ஆனால் கலைக்கவில்லை. சங்கத்தின் பெயரில் இன்னும் "அதிகாரிகள்" இருக்கிறது. அந்தச் சண்டையை அடுத்துப் போடுவோம்.

நேற்று பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. மாடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சபையில் கால்வாசிகூட ஆள் இல்லை. ஒருவர் செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். "ஆம்" என்றார்கள், முடிந்தது. உங்கள் ஊர்க் கூடத்தில் நடந்ததில் பாதி சத்தம்கூட இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, பிறகு அழுகை வந்தது.

இனி செனட். அங்கே வரிசை நீளம். கோடைக்குள் வருமா தெரியாது. பொறுத்துக்கொள்.

ஒடெட்


லெஸ்பரான்ஸ்
ஜூன் 22

அன்புத் தங்கைக்கு,

நலம். விதைப்பு முடிந்துவிட்டது, மிஷோ வயலில் இனி எனக்கு வேலை இல்லை. படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

க்ளோவிஸ்

(உறையின் பின்பக்கம்:)

பொய். தபால்காரர் வருவதற்கு முன்பே வாசலில் நிற்கிறார். இந்த முறை நான் சொன்னதாகவே சொல். இவெட்.


வாஷிங்டன்
ஆகஸ்ட் 3

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை. செனட் நிறைவேற்றியது. கையெழுத்தும் ஆகிவிட்டது. இன்று காலை முதல் நீ உறுப்பினர். ஆபர்ன் சொன்ன சொல் தவறாமல் மதியமே ஆலைக்குக் கடிதம் போட்டுவிட்டார். "எங்கள் உறுப்பினர், சார்ஜென்ட் க்ளோவிஸ் டெய்கிள்" என்று தொடங்குகிறது. அச்சான சட்டப் பிரதி ஒன்று செலீனுக்கு.

ஒடெட்


லெஸ்பரான்ஸ்
ஆகஸ்ட் 29

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்குகிறேன். ஆமாம், இரவு ஷிப்டு.

ஆலையில் இருந்து கூப்பிட்டார்கள். மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒரு சின்னத் தவறான புரிதல், க்ளோவிஸ்."

"எது சார்? பதவி இல்லேன்னு சொன்னதா, அது இப்ப திரும்பி வந்ததா?"

சாவிக்கொத்தை என் பக்கம் தள்ளினார். போன ஒரு வருஷச் சம்பளத்துக்கு அவர்கள் இன்னும் பதில் சொல்ல வேண்டும். ஆபர்ன் அதை விடப்போவதில்லை என்று எழுதியிருக்கிறார்.

செலீன் உன் சட்டத்தை விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

"இதுலயும் உங்க பேரு இல்லையேப்பா."

"ஒவ்வொருவரும்னு இருக்கு பாரு."

யோசித்தாள். "அப்ப மேஜரும் இதுக்குள்ளதான் இருக்காரா?"

"அவரும்தான்."

"பாவம், இடம் பத்துமா?"

லூசியனுக்கும் இன்னும் வேலை இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் அவன் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் படிவத்தை இதோடு அனுப்புகிறேன். "பதவி" என்ற இடத்தில் "ஒவ்வொருவர்" என்று எழுதியிருக்கிறான். திருத்தாதே, அப்படியே ஆபர்னிடம் கொடு.

அடுத்த மாதம் கிளையில் புது உறுப்பினர்களுக்கு விருந்து. நீ வந்தே ஆகவேண்டும். பயறு ஊறவைத்துப் பானையை இறக்கும் பொறுப்பு இந்தத் தடவை மேஜர் கிம்பலுடையது. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் வந்தது. நேற்றே லூசியனிடம் வந்து உப்பு எவ்வளவு என்று கேட்டார். "உங்க இஷ்டம் சார்" என்றுவிட்டான் அந்தப் பாவி. உப்புக் கரித்தாலும் ஒவ்வொருவரும் சாப்பிட்டாக வேண்டும்.

உன் அண்ணன்,
க்ளோவிஸ்